சாலையில் உயிர் காப்பதை எப்படி ஆராய்கிறார்கள்?

பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூர் போகும் வழியில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒரு கிராமத்துச் சாலை வந்து தொடும் இடம். சர்வீஸ் ரோடு மூலையில் ஒரு டீக்கடை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். ஷூ கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்று, பெண்களை இறக்கிவிட்டுப் போனது. அவர்களைக் கூட்டிப் போக வந்த பைக்குகள் ஏற்கெனவே ஓரத்தில் காத்திருந்தன. அதில் ஒருவர் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கம் போவதற்காக சென்டர் மீடியன் இடைவெளியை நோக்கி வண்டியை விட்டார். லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். ரப்பர் கருகும் வாடை வந்தது. பைக்குக்கும் லாரிக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு இடம்தான் இருந்தது.

“ஒன்னும் ஆவலைல்ல, வுடு” என்று சொல்லிவிட்டு டீ மாஸ்டர் மறுபடி ஆற்ற ஆரம்பித்தார். நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன்.

“இன்னாப்பா எழுதிக்கினு இருக்கற? ரோடு சர்வேவா?”

“இல்லணா. எண்ணிக்கினு இருக்கேன்.”

“இன்னாத்த?”

“ஒன்னும் ஆவாததைத்தான்.”

அவருக்கு அப்போது சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி என்று பல்கலைக்கழகங்களில் ஒரு துறை இருக்கிறது. ஹெல்மெட் போடுங்கள், மெதுவாகப் போங்கள் என்று அறிவுரை சொல்வதைத் தாண்டி இதில் ஆராய என்ன இருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. நம் மாவட்டங்களுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது.

முதலில் ஒரே ஒரு கணக்கு. மத்திய அரசின் பதிவுப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். மாநிலங்களில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாளுக்கு 49 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்கள் அத்தனை பேரும் தினமும் வீடு திரும்பவில்லை என்று நினைத்துப் பாருங்கள்.

விபத்து வழக்கின் எஃப்.ஐ.ஆரைப் படித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாக இருக்கும்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...” காவல்துறையின் வேலை யார் மீது வழக்கு என்று முடிவு செய்வது. அந்த வேலைக்கு அந்த வரி போதும். ஆனால் அங்கே தெருவிளக்கு எரிந்ததா, வளைவில் மரம் மறைத்ததா, இறந்தவருக்கு அடி எங்கே பட்டது, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. ஆராய்ச்சியாளரின் கேள்வி வேறு: இதே தவறை நாளைக்கு இன்னொருவர் இதே இடத்தில் செய்வார், அவர் உயிரோடு வீடு போக எதை மாற்றினால் முடியும்?

தவறே செய்யாத மனிதர்களை உருவாக்க முடியாது. பத்து மணி நேரம் தோல் ஃபேக்டரியில் நின்றுவிட்டு வரும் ஒருவருக்குக் கண் சொக்கும். குழந்தை அழுதால் தாய் திரும்பிப் பார்ப்பாள். அதனால் மனிதர் தவறுவார் என்று எடுத்துக்கொண்டு, சாலையையும் வண்டியையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் இதைக் கொள்கையாகவே ஏற்றது. சாலையில் ஒரு சாவையும் ஏற்க முடியாது என்பது அதன் சாரம்.

இந்தச் சிந்தனைக்கு முன்னோடிகளில் ஒருவர் ஹியூ டி ஹேவன். 1917-இல் விமானி பயிற்சியில் இருந்தபோது அவர் பறந்த விமானம் நடுவானில் இன்னொன்றோடு மோதியது. அவர் பிழைத்தார். பிழைத்ததற்குக் கடவுள் அருள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கோ ஏன் என்ற கேள்வி விடவில்லை. பிற்பாடு, உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடித் தேடி விவரம் சேகரித்தார். 50 அடியிலிருந்து 150 அடி வரை விழுந்து பிழைத்தவர்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1942-இல் வெளிவந்தது. மெத்தென்ற மண், அமுங்கும் தகரம், நொறுங்கும் மரம் என்று எதன் மேல் விழுந்தார்களோ அது கொஞ்சம் உள்வாங்கிக் கொடுத்திருந்தது. விழுவது கொல்வதில்லை, சட்டென்று நிற்பதுதான் கொல்கிறது. கார்களில் சீட் பெல்ட், நெஞ்சில் குத்தாத ஸ்டியரிங் எல்லாம் மெல்ல மெல்ல வருவதற்கு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ஆய்வுகள் பெரிதும் உதவின.

இதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. என் மச்சான் ஆற்காடு பாலத்தை ஒட்டிச் சிதறிக் கிடந்த மணலில் பைக் சறுக்கி விழுந்தார். தோள்பட்டை விலகியது, தலைக்கு ஒன்றும் இல்லை. அந்த ஹெல்மெட் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. வெளியே ஒரு கீறலும் ஒரு சின்ன விரிசலும்தான். உள்ளே துணியைப் பிரித்து எடுத்தால், வெள்ளைத் தெர்மோகோல் ஓரிடத்தில் என் கட்டைவிரல் சரியாக உட்காரும் அளவுக்கு அமுங்கிப் போயிருக்கிறது. அந்தப் பள்ளம் அவர் மண்டையில் விழ வேண்டியது. நின்ற உயரத்திலிருந்து வெறுந்தலை தரையில் மோதினால் சில மில்லிமீட்டரில் நின்றுவிடும். தெர்மோகோல் அதை இரண்டு, மூன்று சென்டிமீட்டராக நீட்டிக் கொடுக்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால் மூளைமேல் வரும் விசை பத்தில் ஒரு பங்காகக் குறையும். அவ்வளவுதான் ஹெல்மெட். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிந்தவர்களுக்குச் சாவு அபாயம் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறது. அமுங்கிய தெர்மோகோல் மறுபடி எழும்பாது, அதனால் ஒருமுறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. தாடைக்குக் கீழே வார் மாட்டாத ஹெல்மெட் மோதலுக்கு முன்பே தனியாகப் பறந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் வேகம். இதில் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் நம் உள்ளுணர்வு இங்கேதான் ஏமாறுகிறது.

இரண்டு பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 50 கிலோமீட்டர் வேகம், இன்னொன்று 65. முன்னால் ஒரு சிறுவன் சாலைக்குள் ஓடி வருகிறான். இருவரும் ஒரே கணத்தில் அவனைப் பார்க்கிறார்கள். பார்த்து, மூளைக்கு உறைத்து, பிரேக்கில் கை வைக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வினாடியில் முதல் வண்டி 14 மீட்டர் ஓடிவிடும், இரண்டாவது 18 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால், முதல் வண்டி மொத்தம் சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். சிறுவன் அந்த 28-ஆவது மீட்டரில் நிற்கிறான், தப்பித்தான். சரி, இரண்டாவது வண்டி அதே இடத்துக்கு வரும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்? வித்தியாசம் 15 கிலோமீட்டர்தானே, ஆகவே 15-க்கு இறங்கியிருக்கும் என்றுதான் நான் கேட்ட எல்லோரும் சொன்னார்கள். கணக்கு சொல்வது சுமார் 50. முதல் வண்டி முழுக்க நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் சிறுவன் மேல் மோதுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்.

ஏன் இப்படி? வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 50-லிருந்து 65 என்பது வேகத்தில் 30 சதவீதம், ஆற்றலில் 69 சதவீதம். பிரேக் அத்தனையையும் தின்ன வேண்டும். ஸ்வீடனின் யோரான் நில்சன் பல ஆண்டுப் புள்ளிவிவரங்களை வைத்து ஒரு தொடர்பை வகுத்தார். 2004-இல் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வேடாகவும் அது வந்தது. ஒரு சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் அங்கே உயிர்ப்பலி விபத்து சுமார் 4 சதவீதம் கூடும் என்பது அதன் சுருக்கம். உலக சுகாதார நிறுவனம் இன்றும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது.

நம்மூர் சாலை வடிவமைப்பிலும் இது உண்டு. ஓட்டுநருக்கு முன்னால் எவ்வளவு தூரம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும் என்று, சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது: 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 80 மீட்டர், 80-க்கு 120, 100-க்கு 180. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரு குறுக்குச் சாலை முனையில் நின்று பாருங்கள். 120 மீட்டர் தெரிகிறதா? பல இடங்களில் ஃப்ளெக்ஸ் பேனரும் நிறுத்தி வைத்த லாரியும்தான் தெரிகின்றன.

கைபேசியைப் பற்றிச் சுருக்கமாக. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஓட்டுநர்களின் வண்டிகளில் கேமரா பொருத்தி, அவர்கள் அன்றாடம் ஓட்டுவதை அப்படியே பதிவு செய்தது. மெசேஜ் அடிக்கும் லாரி ஓட்டுநர்களின் கண் ஆறு வினாடிக்கு 4.6 வினாடி சாலையில் இல்லை என்று 2009-இல் சொன்னார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது போல. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு செய்த சோதனைகளில், காதில் மாட்டிக்கொண்டு பேசினாலும் கவனச் சிதறல் குறையவில்லை. கை காலியாக இருந்தாலும் மனம் வேறெங்கோ இருக்கிறது.

இப்போது என் நோட்டுக் கோடுகளுக்கு வருகிறேன்.

ஒரு இடம் ஆபத்தானதா என்று தெரிய வழக்கமான வழி, அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்ப்பது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள் நடந்திருந்தால் அது கரும்புள்ளி. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்தான். ஆனால் பத்துப் பேர் சாகும் வரை காத்திருந்துதான் ஓர் இடத்தின் ஆபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? இந்தக் கேள்வி என்னை மிகவும் உறுத்துகிறது.

லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹீடன் குழு வளர்த்தெடுத்த முறை இதற்குப் பதில். 1980-களில் அது ஒரு ஒழுங்கான முறையானது. ஒரு சாவுக்குக் கீழே பல காயங்கள், காயங்களுக்குக் கீழே பல உரசல்கள், அவற்றுக்கெல்லாம் அடியில் எக்கச்சக்கமான மயிரிழைத் தப்பித்தல்கள். கூம்பு போல நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி தெரிய வருடக்கணக்காகும். அடிப்பாகத்தை ஒரே மாலையில் எண்ணிவிடலாம். பயிற்சி பெற்ற ஆட்கள் சந்திப்பில் நின்று எண்ணினார்கள், இப்போது கேமராவும் கணினியும் எண்ணுகின்றன. எதை மயிரிழை என்று கணக்கில் எடுப்பது? இருவரும் அப்படியே போயிருந்தால் இன்னும் எத்தனை வினாடியில் மோதியிருப்பார்கள் என்று பார்ப்பார்கள். 60 கிலோமீட்டரில் வரும் லாரி 33 மீட்டர் தள்ளி இருந்தால் இரண்டு வினாடி. பொதுவாக ஒன்றரை வினாடிக்குக் கீழே போனால் தீவிரமானது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நான் கண்ணளவில்தான் போடுகிறேன்: யாராவது சட்டென்று பிரேக் அடித்தாலோ, வண்டியை ஒடித்துத் திருப்பினாலோ, ஓடிக் குதித்தாலோ ஒரு கோடு.

அன்று ஐந்தே காலிலிருந்து ஆறே கால் வரை 11 கோடுகள். அதில் மீடியன் இடைவெளியில் நடந்தவை ஐந்து. மீதி ஆறும் டீக்கடை மூலையிலேயே. கிராமத்துச் சாலையிலிருந்து வரும் பைக் சர்வீஸ் ரோட்டில் ஏறும் இடம் அது. நெடுஞ்சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்ததால் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அம்புக்குறி போட்டு வரைந்த பிறகுதான் தெரிந்தது.

இதே சந்திப்பில் ஒரு விபத்து நடந்தால் அதை எப்படிக் கூறுபோடுவது என்பதற்கு வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர் 1970 வாக்கில் ஒரு கட்டம் கொடுத்தார். விபத்துக்கு முன், விபத்துக் கணம், விபத்துக்குப் பின் என்று மூன்று வரிசை; மனிதர், வண்டி, சூழல் என்று மூன்று பத்தி. ஒன்பது கட்டம், ஒவ்வொன்றிலும் ஏதாவது செய்யலாம். கம்பெனி பஸ்ஸை நூறு மீட்டர் தள்ளி, சுரங்கப்பாதை இருக்கும் பக்கம் நிறுத்தச் சொல்வது ‘முன்–சூழல்’. லாரியின் பின்புறமும் பக்கவாட்டிலும் பைக் உள்ளே புகாமல் தடுக்கும் இரும்புச் சட்டம் ‘கணம்–வண்டி’. ‘பின்’ வரிசையில் நம் பகுதிக்குக் கொஞ்சம் பலம் உண்டு. வேலூரை அடுத்த அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை 2022-இல் ராணிப்பேட்டை வளாகத்தை நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே திறந்து விபத்துச் சிகிச்சையை அங்கே நடத்துகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு செலவு செய்கிறது. அடிபட்டவரைத் தூக்கிச் சேர்ப்பவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தைத் தொடர்ந்து 2020-இல் வந்த விதிகளும் சொல்கின்றன. இதைத் தெரியாமல் இன்னும் பலர் கிட்டே போகப் பயப்படுகிறார்கள். 108-க்கு அடித்துவிட்டு, ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

எஃப்.ஐ.ஆரில் இல்லாத விவரங்களைச் சேர்ப்பதற்கும் இப்போது வழி வந்திருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய ‘ஐராட்’ என்ற விபத்துத் தரவுத்தளம் 2021-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் இறக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் சம்பவ இடத்திலிருந்தே செயலியில் இடம், படம், வண்டி விவரம் ஏற்றுவார். பிறகு நெடுஞ்சாலைப் பொறியாளர், போக்குவரத்துத் துறை, மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் தம் பங்கைச் சேர்ப்பார்கள். இன்னொரு பக்கம் டெல்லி ஐஐடியில் தினேஷ் மோகனும் கீதம் திவாரியும் பல ஆண்டுகள் நம் நாட்டுச் சாலைக்கென்றே ஆராய்ச்சி செய்தார்கள். காரும் காரும் மோதும் வெளிநாட்டு விடைகளை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. இங்கே நடப்பவரும் இருசக்கர வண்டிக்காரரும்தான் அதிகம் சாகிறார்கள் என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒன்றை மாற்றினோம், விபத்து குறைந்தது. மாற்றியதால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும்?

பத்துப் பிள்ளைகளைச் சோழி போடச் சொல்லுங்கள். ரொம்பக் குறைவாக விழுந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கையில் ஒரு தாயத்து கட்டுங்கள். மறுபடி போடச் சொன்னால், அநேகமாக அந்த இரண்டு பேருக்கும் முன்பைவிட நன்றாக விழும். தாயத்தின் மகிமை என்று தோன்றும். ஆனால் முதல் தடவை அவர்களுக்குக் கெட்ட நேரம் அமைந்தது என்பதால்தானே அவர்களைப் பொறுக்கினோம்? சும்மா விட்டிருந்தாலும் ஏறித்தான் இருக்கும். சாலையிலும் இதே கதை. போன வருடம் மிக மோசமாக இருந்த சந்திப்புகளாகப் பார்த்துப் பொறுக்கி வேகத்தடை போட்டால், இந்த வருடம் எண்ணிக்கை இறங்கும். எவ்வளவு வேகத்தடையால், எவ்வளவு தானாக? டொரான்டோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா ஹவர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். ஒரே இடத்தின் ஒரு வருடத்தை மட்டும் பார்க்காதே, அதே மாதிரி இருக்கும், கை வைக்காத பல இடங்களையும் சேர்த்துப் பார்த்து, இந்த இடத்தில் இயல்பாக எத்தனை நடந்திருக்கும் என்று முதலில் மதிப்பிடு, பிறகு ஒப்பிடு என்பது அவர் வழி. தாயத்துக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் பணத்தைக் கொட்டினால், அந்தப் பணத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர் வேறெங்கோ போய்விடும்.

இதை டீ மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, நோட்டில் வரைந்ததைக் காட்டினேன். மூலையில் ஆறு அம்புகள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடையை விட்டு இறங்கி, கிராமத்துச் சாலைக்குள் பத்தடி நடந்து, பைக்கில் வருகிறவர் இடத்தில் நின்று குனிந்து பார்த்தார். சர்வீஸ் ரோடே தெரியவில்லை. அவர் கடையின் ‘டீ, காபி, பால்’ போர்டும் அதில் கட்டியிருந்த தார்ப்பாயும் முழுக்க மறைத்துக்கொண்டு நின்றன.

“இதுவாப்பா?” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது போர்டு கடைக்குப் பின்பக்கச் சுவருக்குப் போயிருந்தது. தார்ப்பாயை மேலே தூக்கிக் கட்டியிருந்தார். அதே ஐந்தே காலிலிருந்து ஆறே கால் வரை எண்ணினேன். மொத்தம் 7, மூலையில் இரண்டு. மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும்தான். ஆனால் அன்று ஒரு கம்பெனிக்கு விடுமுறை, ஒரு பஸ் வரவில்லை. போர்டா, பஸ்ஸா, சும்மா அமைந்ததா என்று சொல்ல ஒரு வாரக் கணக்கு போதாது என்று அவரிடம் சொன்னேன். சோழிக் கதை அவருக்கு ஞாபகம் இருந்தது.

“அப்போ நீ வாரத்துக்கு ஒரு தபா வந்து இன்னா ஆவப்போவுது?” என்று கேட்டார்.

நேற்று போனபோது பாய்லருக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. திங்கள், செவ்வாய் என்று நாள் போட்டு, பஸ் வருவதற்கு முன், வந்ததற்குப் பின் என்று இரண்டாகப் பிரித்து, மூலைக்கு ஒன்றும் மீடியனுக்கு ஒன்றும் தனித்தனி வரிசையாக.